சாயாங்

மலேசியத் தமிழர் வீடுகளில் ஒரு பழைய பொருளைத் தூக்கி எறியப் போகும்போது யாராவது ஒருவர் கையைப் பிடித்துத் தடுப்பார். "வேணாம்லா, சாயாங்கா இருக்கு" என்பார். அது மூடி தொலைந்த வெந்நீர்க் குடுவையாக இருக்கலாம், காது உடைந்த பீங்கான் கோப்பையாக இருக்கலாம், யாருக்கும் அளவு சரிவராத பள்ளிச் சப்பாத்தாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்கள் இந்த இடத்தில் சற்று விழிப்பார்கள். "சாயமா? எதுக்குச் சாயம் போச்சு?" என்று கேட்ட ஒரு பெரியவருக்கு அதை விளக்கப் போய், அரை மணி நேரம் பேசியும் நான் பாதிதான் சொல்லி முடித்தேன்.

சாயாங் மலாய்ச் சொல். தாய் பிள்ளையைக் கொஞ்சும்போது அது செல்லம், கண்ணு. கணவனும் மனைவியும் கூப்பிட்டுக்கொள்ளும்போது அது அன்பே. நன்றாகப் படித்த பையன் பாதியில் நின்றுவிட்டான் என்றால், அடடா, வீணாகப் போனானே என்ற ஆதங்கம். முற்றத்தில் நிற்கும் பலாமரத்தை வெட்டச் சொன்னால், வெட்ட மனசு வரவில்லை என்ற தயக்கம். இவ்வளவும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். நாம் தமிழில் இதற்கெல்லாம் தனித்தனியாகச் சொற்களை வைத்திருக்கிறோம். செல்லத்துக்கும் ஆதங்கத்துக்கும் இடையில் நமக்கு ஒரு வாசற்படி உண்டு. மலாய்க்காரர்களுக்கு அது ஒரே கூடம்.

நான் இந்தச் சொல்லைப் பெற்றுக்கொண்ட இடம் பங்சார். இப்போது பங்சார் என்றால் தெலாவி தெருக்களின் உணவகங்களும், ஜாலான் மாரோப்பில் நகராமல் நிற்கும் காடிகளும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். எங்கள் தாத்தாவுக்கு அது பால்மரக் காடு. பெல்ஜியத்து எட்வார்ட் பூங்கே, ஆல்பிரட் கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயர்களை ஒட்டவைத்துத் தோட்டத்துக்குப் பெயரிட்டார்கள், அது நாக்கில் தேய்ந்து பங்சார் ஆயிற்று என்பதுதான் ஊரில் சொல்லும் கதை. சேலத்துப் பக்கத்திலிருந்து கங்காணி வழியாகக் கப்பலேறி வந்த தாத்தாவுக்குப் பூங்கேயும் தெரியாது, கிரிசாரும் தெரியாது. வேலை வாங்கிய மண்டோரையும் கணக்கெழுதிய கிராணியையும் தெரியும். அப்பா தலையெடுத்த காலத்தில் தோட்டம் துண்டு துண்டாக வீட்டுமனையாகிக்கொண்டிருந்தது. அவர் பால் வெட்டும் கத்தியைத் தொடவில்லை. அப்போது எல்.எல்.என். என்று எல்லாரும் சொன்ன மின்சார வாரியத்தில், பங்சார் மின்நிலையத்தில், கூலி வேலைக்குச் சேர்ந்தார். 1990இல் அது தெனாகா நேஷனல் ஆனபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். கடைசிவரை அவருக்கு அது எல்.எல்.என்.தான்.

வேலையோடு ஒரு கோட்டர்ஸ் வீடும் கிடைத்தது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் வரிசையாக வீடுகள். எங்களுக்கு இடப்பக்கம் ஒரு சீனத் தையற்கார அம்மா, வலப்பக்கம் மக்சிக். மக்சிக் என்றால் மலாயில் அத்தை, சின்னம்மா மாதிரி ஒரு பொது உறவுமுறை. அவருடைய சொந்தப் பெயரை நான் வளர்ந்து பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் அம்மாவை 'காக்கா' என்று கூப்பிடுவார். மலாயில் அது அக்கா. அம்மா அவரை மக்சிக் என்றே கூப்பிட்டார். வயதில் யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் விசாரித்ததே இல்லை.

1971 ஜனவரி தொடக்கத்தில் பெய்த மழையைக் கோலாலம்பூரில் என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் ஒருசேரப் பெருகி நகரத்தின் பள்ளங்களையெல்லாம் நிரப்பின. பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். 1969 மே 13 இனக்கலவரம் நடந்து இரண்டு வருடங்கள்கூட ஆகவில்லை. பெரியவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி இருக்கும்போது ராத்திரியில் ஆறு வீட்டுக்குள் வந்தது. அப்பா என் தங்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மக்சிக்கின் மகன் எங்கள் அரிசி மூட்டையைத் தூக்கினான். மேட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம்.

தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது வீடு இருந்தது. வீட்டுக்குள் இருந்த எல்லாமும் ஒரே நிறமாகியிருந்தன. ஆற்றுச் சேறு காப்பித்தூள் நிறத்தில், கொழகொழவென்று, கணுக்கால் உயரத்துக்கு. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் பாதிவரை தண்ணீர்க்கோடு. அந்த நாற்றத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்: மண்ணெண்ணெய், செத்த மீன், ஊறிய அரிசி. ஆண்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். பெண்கள் பெட்டிகளைத் திறந்தார்கள்.

மக்சிக்கின் தகரப் பெட்டியில் அடியில் ஒரு பாத்தேக் துணி இருந்தது. நீளமான துணி. அதைத்தான் அவர் ஸ்பிரிங் தொட்டிலில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார். அவருடைய ஐந்து பிள்ளைகளும் அதில் ஆடினார்கள். என் தங்கை பிறந்தபோது எங்கள் வீட்டில் ஏணைக்கு நல்ல துணி இல்லையென்று அதைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அவளும் அதில்தான் தூங்கினாள். இப்போது அது சேற்றில் ஊறி விறைத்து, மடிப்புவாக்கில் கிழிந்து கிடந்தது. நீலப் பூக்கள் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை.

அம்மா தனக்குத் தெரிந்த பசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், கெட்டுப்போச்சு, போட்டுடுங்க என்றார்.

மக்சிக் துணியை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி, "சாயாங், கா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பிழிந்தார். சேறு வடிந்தது. மறுபடியும் பிழிந்தார்.

பிறகு எங்கள் பெட்டியைத் திறந்தோம். அம்மாவின் கூறைப்புடவை அதில்தான் இருந்தது. அரக்குச் சிவப்பு. அதன் சாயம் இறங்கி, பக்கத்தில் மடித்து வைத்திருந்த அப்பாவின் வெள்ளை வேட்டியெல்லாம் ரோஸ் திட்டுகளாகியிருந்தது. சரிகை கறுத்திருந்தது. அப்பா களைத்துப் போயிருந்தார், நல்ல மனிதர்தான், இருந்தாலும் அன்றைக்கு அவருக்குப் பொறுமை இல்லை. "இதை வச்சு என்ன செய்யப்போறே, குப்பையிலே போடு" என்றார். அம்மா புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சாயாங்கா இருக்குங்க" என்றார்.

அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதற்கு முன்பு அவர் சொல்லியிருக்கலாம், நான் கவனித்ததில்லை. இந்த முறை கவனித்தேன், ஏனென்றால் அந்தச் சொல் வலப்பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்ததை நான் நின்று பார்த்திருந்தேன்.

இரண்டு துணிகளும் ஒரே கொடியில் காய்ந்தன. பாத்தேக் துணியில் பூக்கள் மங்கலாகத் திரும்பி வந்தன. கூறைப்புடவை முழுசாகத் தேறவில்லை. அதன் முந்தானையில் நல்லபடியாக மிஞ்சியதைச் சீனத் தையற்கார அம்மா வெட்டி, தங்கைக்குப் பாவாடைக் கரையாகத் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அம்மா அந்தச் சொல்லைத் தமிழாக்கியே விட்டார். ஆக்கினார் என்றால், அதற்கு நம் விகுதிகளை மாட்டி நம் வாக்கியத்தில் உட்காரவைத்தார். "சாயாங்கா இருக்கு" என்றால் இழக்க மனமில்லை. "சாயாங்கா வளர்த்த பிள்ளை" என்றால் அருமை பெருமையாக வளர்த்த பிள்ளை. "அந்தப் பாட்டி நம்ம பிள்ளைங்க மேலே ரொம்ப சாயாங்" என்றால் பாட்டிக்கு எங்கள் மேல் கொள்ளை ஆசை. "சாயாங்லா, நல்ல மனுசன்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் செத்துப்போயிருப்பார், அல்லது குடித்துக் கெட்டிருப்பார். மிச்சச் சோற்றைக் கொட்டப் போனாலும் சாயாங்தான். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அம்மா அதைத் தொடவே இல்லை. மக்சிக்கின் கணவர் வேலை முடிந்து வரும்போது வாசலிலிருந்தே 'சாயாங்' என்று மனைவியைக் கூப்பிடுவார். எங்களுக்கு அது நன்றாகக் கேட்கும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். புருஷன் பெண்டாட்டி விவகாரத்துக்கு அந்தச் சொல் அவர் தலைமுறைத் தமிழில் வரவில்லை. பிள்ளைக்கு வந்தது, பொருளுக்கு வந்தது, போனவர்களுக்கு வந்தது.

இதில் பெரிய சேதி ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். ஒரு சொல் வேறு மொழிக்குள் போகும்போது தன் முழுக் குடும்பத்தோடும் போவதில்லை. போகிற வீட்டில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே உட்காருகிறது. லக்கி கார்டன் சந்தையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பார்த்தேன், பங்சார் வீடு ஒன்றில் வேலை செய்பவர். கையிலிருந்த முட்டை அட்டை நழுவி விழ, "சாயாங்!" என்றார். மலாய் நன்றாகப் பழகிவிட்டதே என்றேன். இல்லை, இது எங்கள் ஊர்ச் சொல் என்றார். அவர்கள் மொழியிலும் அதே சொல் உண்டு. ஆனால் கைநழுவிப் போனதற்கு மட்டும்தான் சொல்வார்களாம்: உடைந்த முட்டைக்கு, ஒரு எண்ணில் தவறிய லாட்டரிக்கு, ஏற முடியாமல் போன பேருந்துக்கு. காதலனை அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார்கள் என்றார். கடலுக்கு அந்தப்பக்கம் இழப்பு மட்டும் தங்கியிருக்கிறது. மலாயிலும் இந்தோனேசியாவிலும் அன்பும் இழப்பும் சேர்ந்தே நிற்கின்றன. எங்கள் அம்மாவின் தமிழில் அன்பில் பாதியும் இழப்பு முழுவதும்.

சாயாங் என்பது தமிழ்ச் 'சாய்' என்ற வேரிலிருந்து வந்தது, மனம் சாய்வதுதான் அது என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாக இருக்கிறது. நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஜாவாவிலிருந்து மணிலாவரை தீவுக்குத் தீவு புழங்கும் சொல் அது, அந்த மக்களுடைய சொல். எல்லாவற்றையும் நம்முடையதென்று சொன்னால்தான் நமக்குப் பெருமை என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடமிருந்து வாங்கினோம் என்று சொல்வதில் எனக்கு நிறைவு இருக்கிறது.

கொடுத்ததும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். மலாய்க்காரர் உணர்ச்சி என்பதற்கே 'ராசா' என்கிறார். ருசிக்கும் அதே சொல். நம் ரசம், ரசனை எல்லாம் வந்த அதே வடமொழி வேர். சுகம் அங்கே 'சூக்கா' ஆகி விருப்பத்தைக் குறிக்கிறது. துக்கம் 'டூக்கா'. பாக்கியம் 'பஹாகியா' ஆகி மகிழ்ச்சியாயிற்று. சிந்தனை என்று நாம் சொல்வதன் வேர் அங்கே 'சிந்தா' ஆகிக் காதலாக நிற்கிறது. ஆழ்ந்து நிற்பதைக் குறிக்கும் கம்பீரம் 'கெம்பிரா' ஆகிக் குதூகலமாகிவிட்டது. சந்தோஷம் 'செந்தோசா' ஆகி அமைதியாகிவிட்டது. கிள்ளானில் தமிழர்கள் நிறைந்த தாமான் செந்தோசாவுக்கும், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவுக்குச் சூட்டிய பெயருக்கும் அதுதான் மூலம். சம்சாரம் நமக்கு மனைவி, குடும்பம். அவர்களுக்குச் 'செங்சாரா' என்றால் துன்பம், பாடு. பிறவிச் சுழல் என்ற பழைய பொருளிலிருந்து நாம் ஒரு பக்கம் வந்தோம், அவர்கள் மறுபக்கம் போனார்கள்.

இவை வடமொழி வழியாகப் போனவை. தமிழிலிருந்தே நேராகப் போனவற்றைப் பாருங்கள்: கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', முதல் 'மோடால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'. மாப்பிள்ளை 'மெம்பெலாய்' ஆகி மணமக்களைக் குறிக்கிறது. 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, அந்தக் காலத்தில் மலாக்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்காகவும் வணிகத்துக்காகவும் தமிழ் படிப்பது வழக்கம் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தமிழ் அன்றைக்கு இந்தக் கடற்கரையில் வியாபார மொழி. ஆகவே நம்மிடமிருந்து போனவை பெரும்பாலும் சரக்கும் சாமானும். முதல் கொண்டுவந்த தமிழனிடமிருந்து மலாய் கடைச் சொல்லை வாங்கிக்கொண்டது. உடம்பை மட்டும் கொண்டுவந்த தமிழன் மலாயிடமிருந்து மனசுச் சொல்லை வாங்கிக்கொண்டான்.

சாயாங் மட்டும் வரவில்லை. 'மஞ்சா' வந்தது: செல்லம் கொடுத்துக் கொடுத்துச் சிணுங்கும் பிள்ளைத்தனம். "ரொம்ப மஞ்சா பண்ணாதே" என்று அதட்டாத மலேசியத் தமிழ்த் தாய் இருக்க மாட்டார். 'கெராம்' வந்தது. அது இன்னும் விசித்திரமான சொல். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கும் கோபமும் கெராம், கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் துடிப்பும் கெராம். "பார்த்தாலே கெராமா இருக்கு" என்று என் தங்கை சொன்னால், அவள் தன் முதலாளியைப் பற்றிப் பேசுகிறாளா பேத்தியைப் பற்றிப் பேசுகிறாளா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளம் வந்த அந்த வருடம் பள்ளியில் எங்களைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'நான் கண்ட வெள்ளம்' என்று தலைப்பு. கூறைப்புடவையைப் பற்றி எழுதினேன். 'அம்மாவுக்கு அதை எறியச் சாயாங்காக இருந்தது' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு மேலே 'வருத்தமாக' என்று எழுதினார். வகுப்பில் படித்துக்காட்டும்போது, தமிழில் சொல்லா இல்லை, ஏன் மலாயிடம் பிச்சை எடுக்கிறாய் என்று கேட்டார்.

அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய பயம் நியாயமானது. சுதந்திரம் வந்த 1957இல் இந்த நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, பெரும்பாலும் தோட்டங்களில். தோட்டம் கைமாறும்போதும் துண்டாடப்படும்போதும் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கு எஞ்சியவை 500க்குச் சற்று மேல். மொழி கையை விட்டுப் போய்விடும் என்று அஞ்சிய ஒருவர் வேலியை உயர்த்தத்தான் செய்வார். மலாக்காச் செட்டிகளை அவர் பார்த்திருக்கிறார். 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் கட்டியவர்கள் அவர்கள். மாரியம்மனுக்கு இன்றும் தவறாமல் விழா எடுக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய். தமிழ் அவர்களிடமிருந்து முழுசாகவே போய்விட்டது. அவர் மனக்கண்ணில் நாங்களும் அந்த வழியில் நடந்துகொண்டிருந்தோம்.

ஆனால் 'வருத்தம்' அங்கே பொருந்தவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும், எதிர்த்துப் பேசும் வயதில்லை. வருத்தப்பட்டவர் உட்கார்ந்து அழுவார். அம்மா அழவில்லை, புடவையை விடாமல் பிடித்துக்கொண்டார். வருத்தத்தில் கை சும்மா இருக்கும். சாயாங்கில் கை எதையாவது பற்றிக்கொண்டிருக்கும். 'மனசு வரவில்லை' என்று அவர் திருத்தியிருந்தால் நான் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டிருப்பேன், அது நம்முடைய நல்ல வழக்கு, பாதிப் பொருளைக் கொடுக்கும். மற்றப் பாதிக்கு 'அருமை' என்ற சொல்லை நான் நினைத்துப் பார்த்ததுண்டு. அரிதாகக் கிடைத்தது அருமை, ஆகவே அன்புக்குரியது. இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வேறு வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. நாம் கிடைத்ததன் அருமையிலிருந்து வருகிறோம், அவர்கள் போய்விடுமோ என்ற பதைப்பிலிருந்து வருகிறார்கள். வள்ளுவர் அன்புடைமைக்கு ஒரு அதிகாரம், அருளுடைமைக்கு ஒரு அதிகாரம் என்று பிரித்து வைத்தார். அருளை அன்பு பெற்ற பிள்ளையாகவும் பார்த்தார். பிரித்து வைத்தாலும் உறவை மறக்காத அந்தப் பார்வை சாயாங்கை மறுத்திருக்காது என்றே நம்புகிறேன்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாழ்நாளில் யாரையும் பார்த்துத் தமிழில் 'உன்மேல் எனக்கு அன்பு' என்று சொன்னதில்லை. அவர் வயதுத் தோட்டத்துப் பெண்கள் யாரும் சொன்னதில்லை. 'பசியாறிட்டியா' என்று கேட்பார், அதுதான் அன்பு. தலையில் எண்ணெய் வைப்பார், அதுதான் பாசம். அன்பு, பாசம் என்ற சொற்கள் சினிமாவுக்கும் கடிதத்துக்கும் உரியவை. மேடையில் பேசுபவர்கள் உடுத்திக்கொள்ளும் சொற்கள். அவற்றை வாயில் வைக்க அவருக்குக் கூச்சம்.

மக்சிக் இறந்தபோது நாங்கள் பங்சாரை விட்டுக் கிள்ளானுக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்ததும் அம்மா முக்காட்டுக்கு ஒரு துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலாய்க்காரர் வீட்டில் அடக்கம் சீக்கிரமே முடிந்துவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் கல்லறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மூத்த மகள் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார், "உன் அம்மா என்னைச் சாயாங் பண்ணுவார். நானும் உன் அம்மாவைச் சாயாங்." பசார் மலாய்தான், இலக்கணம் சரியில்லை. ஆனால் அது ஒரு முழு வாக்கியம். ஒரு மனுசி இன்னொரு மனுசியை நேசித்தாள் என்று, பெயர் வைத்து, கூச்சமில்லாமல் சொன்ன வாக்கியம். பெற்ற பிள்ளைகளான எங்களிடமோ அப்பாவிடமோ அவர் சொல்லாதது. அந்தச் சொல் இரவல் சொல்லாக இருந்ததால்தான் அவரால் சொல்ல முடிந்தது. தாய்மொழிச் சொல்லில் சுமை இருக்கும், மானம் மரியாதை இருக்கும், யார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் இருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த சொல்லில் அதெல்லாம் இல்லை.

அந்தக் கோட்டர்ஸ் இப்போது இல்லை. ஆற்றோரம் கம்போங் அப்துல்லா ஹுக்கும் இருந்த நிலத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. ரயில் நிலையத்தின் பெயரில் அப்துல்லா ஹுக்கும் மிஞ்சியிருக்கிறார். இந்த இடமாற்றங்களில் தமிழர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் தனித்தனித் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். ஒரே கொடியில் துணி காயப்போடும் வாழ்க்கை குறைந்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு மலாய் என்னைவிட நன்றாகவே வரும், பள்ளிப் பாடமாக. 'சாயாங்' என்று கைபேசியில் கணவனுக்கு எழுதுகிறார்கள், இதயப் படமும் போடுகிறார்கள். அம்மா தொடாமல் விட்ட பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நல்லதுதான். ஆனால் மிச்சச் சோற்றுக்கு யாரும் சாயாங் சொல்வதில்லை. உடைந்த கோப்பைக்கும் சொல்வதில்லை. உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒரு பொருள் வந்து சேரும்போது ஒரு பொருள் வெளியே போகிறது.

மலாய்ச் சொற்களுக்குக் காவலர்கள் இருக்கிறார்கள். அரசின் மொழி நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாகா 1970இலேயே பெரிய அகராதி ஒன்றை வெளியிட்டுவிட்டது, பதிப்புக்குப் பதிப்பு வளர்த்தும் வருகிறது. தமிழ்நாட்டில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளை அடையாளமிட்டுச் சேர்த்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் பேசும் சொல் அகராதியில் ஏறியபோது தமிழ் குறைந்துபோகவில்லை. மலேசியத் தமிழுக்கும் அப்படி ஒரு அகராதி வேண்டும், எங்கள் வீட்டுச் சொற்கள் அதில் தமிழ்ச் சொற்களாகவே ஏற வேண்டும் என்பது என் கட்சி. கதை எழுதுபவர்கள் வழிகாட்டிவிட்டார்கள். 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி தோட்டத்துப் பேச்சைத் தயங்காமல் கதையில் வைத்தவர். வகுப்பறையும் அந்தத் துணிவைக் கொள்ளலாம். ஒரு பிள்ளை கட்டுரையில் 'சாயாங்' என்று எழுதினால் சிவப்பு மையை எடுப்பதற்கு முன்பு, யார் சொல்லக் கேட்டாய், எப்போது சொன்னார்கள் என்று கேளுங்கள். தமிழில் இதற்கு நெருக்கமான சொற்கள் என்னென்ன என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் தோட்டத்திலோ கோட்டர்ஸிலோ கம்பத்திலோ வளர்ந்த பாட்டி, அத்தை, பெரியம்மா இன்னும் இருப்பார்கள். இந்த வாரம் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கோபத்துக்கும் கூச்சத்துக்கும் ஆசைக்கும் அவர்கள் சொல்லும் சொற்களை, மலாய், சீனம், தமிழ் என்று பார்க்காமல், கேட்டபடியே எழுதி வையுங்கள். பக்கத்தில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தச் சமயத்தில் சொன்னது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அகராதி பிறகு வரட்டும், அந்தக் குறிப்பு இப்போதே வேண்டும்.